மொத்தமாக ஒரு விலை சொல்கிறார், கொடுத்துவிடலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு அம்மா காலமானார். அவர் வாழ்ந்த வீட்டைக் காலி செய்தபோது, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் பல பொருள்கள் கிடைத்தன. கறுத்துப்போன ஒரு தேநீர்ச் செட்டு, ஓடாத ஒரு பாக்கெட் கடிகாரம், அடியில் நீல முத்திரை உள்ள இரண்டு பீங்கான் கிண்ணங்கள், இழுப்பறைகள் கொண்ட ஓர் எழுதுமேசை, கையொப்பமில்லாத ஓர் எண்ணெய் ஓவியம், தந்தப் பிடி போட்ட கத்திகள், ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியவை அவை. ஒரு வயலினும் இருக்கிறது. உள்ளே பார்த்தால் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்' என்று அச்சிட்ட சீட்டு தெரிகிறது. பழம்பொருள் வாங்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லி, ஒரு வாரத்தில் முடிவு கேட்கிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார், தங்கைக்கு மனமில்லை. இவற்றின் உண்மையான மதிப்பு என்ன? கறுப்பைப் போக்கிவிட்டுக் காட்டினால் கூடுதல் விலை கிடைக்குமா? மூவரும் எப்படிப் பிரித்துக்கொள்வது? இவற்றைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் என்று பார்த்தால், எண்பது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவர்தான் இருக்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பொருள்களை வாங்க வந்தவரிடம், குடும்பத்தில் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. வாங்கி, பழுது பார்த்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, தக்க ஆள் வரும்வரை காத்திருக்கும் தொழிலில் குறைத்து வாங்கினால்தான் அவருக்குப் பிழைப்பு. ஆனால் விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒருவராகவே இருக்கும்போது, அவர் சொல்லும் தொகையை மதிப்பீடு என்று கொள்ள முடியாது. அதிலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்னும்போது, அவர் கண்ணில் பட்ட ஒன்றிரண்டு பொருள்களே அந்தத் தொகையை ஈடுசெய்துவிடும் என்றும், மற்றவை அவருக்கு இனாமாகப் போகின்றன என்றும் கருத இடமுண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விலை எழுதித் தரும்படி கேட்டுப் பாருங்கள். எந்தப் பொருளுக்கு விலை எழுத அவர் தயங்குகிறாரோ, அதை முதலில் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

எடைக்கு மேல் எதையும் பார்க்காத கைகளில் ஒரு பொருள் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, நடக்கவிருந்து தப்பிய ஓர் உதாரணம் உண்டு. ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் 1887-இல் தம் மனைவிக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்த, ஃபபெர்ஜே என்ற நகைக்கலைஞரின் பட்டறையில் செய்த பொன்முட்டை, புரட்சிக்குப் பின் கைமாறிக் காணாமல் போயிருந்தது. அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர் அதைச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கி, உருக்குவதற்கு விற்று லாபம் பார்க்க நினைத்தார். அந்த விலைக்கு மேல் தர யாரும் முன்வராததால்தான் அது தப்பியது. பல ஆண்டுகள் கழித்து, முட்டைக்குள் இருந்த கடிகாரத்தில் பொறித்திருந்த 'வஷெரோன் கான்ஸ்டன்டின்' என்ற கடிகார நிறுவனத்தின் பெயரை அவர் இணையத்தில் தேடியபோது, அதே முட்டையைப் பற்றிய நாளிதழ்க் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. 2014-இல் அது லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை, பெரும்பாலும் இருக்காது. விலையைப் பற்றிய கேள்வி அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, இது என்ன என்ற கேள்விதான் பலன் தந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் கடிதத்தில் உண்மையாகவே அவசரமான செய்தி கடைசி வரியில்தான் இருக்கிறது. வாங்க வந்தவர் கொடுத்த ஒரு வாரக் கெடுவைத் தள்ளிப் போடலாம். பெரியம்மாவின் நினைவைத் தள்ளிப் போட முடியாது. இந்த வாரமே அவரைப் பாருங்கள். பொருள்களின் படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். கைபேசித் திரையை நீட்டினால் முதியவர்களுக்குப் பார்ப்பதே சிரமமாகிவிடும். அவர் அனுமதியுடன் குரலைப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு பொருளாகக் காட்டி, இதை யார் வாங்கினார்கள், எந்த ஊரில், யாருக்கு யார் கொடுத்தது, முன்பு வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, எப்போது பழுது பார்க்கப்பட்டது என்று கேளுங்கள். 'இது எவ்வளவு பழையது?' என்று கேட்டால் 'நூறு வருஷம் இருக்கும்' என்ற பதில்தான் வரும். 'உங்களுக்குத் திருமணமானபோது இது வீட்டில் இருந்ததா?' என்று கேட்டால், ஓர் ஆண்டே கையில் கிடைத்துவிடும்.

ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சியான உடைமை வரலாற்றுக்கு பழம்பொருள்களை மதிப்பிடும் எங்கள் தொழிலில் பெரும் மதிப்பு உண்டு. ஒரே அச்சில் வார்த்த இரு கடிகாரங்களில், ஒன்று யாருடையது என்று தெரியாமலும் மற்றொன்று அதை அணிந்தவரின் புகைப்படம், வாங்கிய ரசீது, பழுது பார்த்த சீட்டு ஆகியவற்றோடும் வந்தால், இரண்டாவதற்குத்தான் மதிப்பு கூடும். ஆகவே, கடிதப் பெட்டியைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற பொருள்களுக்கெல்லாம் சான்று அதற்குள்தான் இருக்கக்கூடும். பழைய புகைப்படங்களில் முகங்களை மட்டும் பார்க்காமல் பின்னணியையும் பாருங்கள். மேசையோ ஓவியமோ ஒரு மூலையில் தெரிந்தால், அந்தப் பொருள் குறிப்பிட்ட காலத்தில் உங்கள் குடும்பத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கடித உறைகளில் உள்ள தபால் தலைகளை வெட்டி எடுக்கவே கூடாது. முத்திரை குத்திய உறையோடு முழுமையாக இருந்தால்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள், உங்களுக்கும் தேதி கிடைக்கும்.

அதே சமயம், குடும்பத்தில் வழங்கும் கதைகள் தலைமுறைக்குத் தலைமுறை வளரக்கூடியவை. சந்தையில் வாங்கிய கிண்ணம் ஒரு தலைமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்ததாகும். அடுத்த தலைமுறையில் அரசர் கொடுத்ததாகிவிடும். பெரியம்மா கண்ணால் பார்த்ததையும், பிறர் சொல்லிக் கேட்டதையும், ஆவணம் காட்டுவதையும் தனித்தனியே எழுதி வையுங்கள். கதையைத் திருத்த வேண்டாம். கதை என்று குறித்தால் போதும்.

அடுத்து, கறுப்பைப் போக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதையும் துலக்காதீர்கள். என்னிடம் வரும் பொருள்களில், காலத்தால் கெட்டவற்றைவிட, விற்பதற்கு முந்தைய வாரம் ஆர்வத்தோடு துலக்கப்பட்டுக் கெட்டவை குறைவில்லை. வெள்ளியின் மேல் படிந்திருக்கும் கறுப்பு, காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு. அதைத் தேய்க்கும்போது கறுப்போடு சேர்ந்து உலோகமும் சிறிது போகிறது. பல தலைமுறை தேய்த்தால் முத்திரைகளும் சித்திர வேலையின் கூர்மையும் மழுங்கிவிடும். முலாம் பூசிய பொருளாக இருந்தால் உள்ளே இருக்கும் வேறு உலோகமே வெளியே தெரிய ஆரம்பிக்கும். அலுமினியத் தாளையும் சோடாவையும் வெந்நீரில் இட்டு வெள்ளியை முக்கும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் பள்ளங்களில் செய்தவரே வேண்டுமென்று விட்ட கருமையையும் அது அழித்துவிடும். பிடிகளுக்குள் பசையோ பிசினோ நிரப்பப்பட்டிருந்தால் அதையும் கெடுக்கும். நாணயங்கள் ஏதேனும் அகப்பட்டால் விரலால்கூடத் தேய்க்காதீர்கள். துலக்கிய நாணயத்தின் பளபளப்பைச் சேகரிப்பவர்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டு விலையைக் குறைத்துவிடுவார்கள். செம்பு, வெண்கலப் பொருள்களின் மேல் பல காலமாகப் படிந்த நிறமும் அப்படியே இருக்க வேண்டியதுதான். தூள்தூளாக உதிரும் வெளிர்பச்சைப் பொடி மட்டும் விதிவிலக்கு. அது உலோகத்தைத் தின்னும் நோயாக இருக்கலாம் என்பதால், ஈரம் படாத இடத்தில் தனியே வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

ஓவியத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்; உருளைக்கிழங்கு, ரொட்டித்துண்டு முதலிய வீட்டு வைத்தியங்களும் வேண்டாம். மேசைக்குப் புதிதாக வார்னிஷ் அடிப்பது, அதன் வயதைச் சொல்லும் மேற்பரப்பை நீங்களே அழித்துவிடுவதற்குச் சமம். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும் நிலையில் ஓடவிட்டால் அச்சுகள் தேய்ந்துபோகும். மென்மையான உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் தகட்டின் மேல் எடுத்த மிகப் பழைய புகைப்படம் ஏதேனும் பெட்டியில் இருந்தால், அதற்கு அந்தத் துணியும் ஆகாது. 1839-இல் அறிவிக்கப்பட்ட டாகெரோடைப் முறையில் எடுத்த படங்களின் உருவம் துடைத்தாலே போய்விடும்.

இனி, பொருள்களைப் பார்ப்போம். நல்ல வெளிச்சமும், பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் இருந்தால் பாதி வேலையை நீங்களே செய்துவிடலாம்.

தேநீர்ச் செட்டின் அடியிலோ பிடிக்கு அருகிலோ சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று தேடுங்கள். 925 என்ற எண், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். இங்கிலாந்தில் செய்த வெள்ளியில், நடக்கும் சிங்கத்தின் உருவம் அதே தரத்தைக் குறிக்கிறது. 1544 முதல் அது வழக்கில் இருக்கிறது. அதோடு பரிசோதித்த நகரத்தின் சின்னமும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும் என்பதால், அட்டவணைகளை வைத்து எந்த ஆண்டில் எந்த ஊரில் செய்தது என்றே சொல்லிவிடலாம். மாறாக 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால், செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்று பொருள். எல்கிங்டன் நிறுவனம் அந்த முறைக்கு 1840-இல் காப்புரிமை பெற்ற பிறகே அது பரவியது. அதற்கும் முன்பு, 1740-களிலிருந்து, செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டை வெப்பத்தால் ஒட்டவைத்து உருட்டிச் செய்த ஷெஃபீல்டு பாத்திரங்கள் இருந்தன. அவற்றில் விளிம்புகளில் செம்பு எட்டிப் பார்க்கும். அது குறை அல்ல, அடையாளம். ஆகவே, முலாம் என்று தெரிந்தவுடன் ஒதுக்கிவிடாதீர்கள்.

கடிகாரத்தில் மேல்கூட்டையும் உள் இயந்திரத்தையும் இரண்டு தனிப் பொருள்களாகப் பார்க்க வேண்டும்; பல வேளைகளில் அவற்றைச் செய்தவர்களே வெவ்வேறு நிறுவனத்தார். கூட்டின் உட்புறம் '20 ஆண்டு உத்தரவாதம்' என்பது போல ஒரு வாசகம் பொறித்திருந்தால் மகிழ வேண்டாம். தங்கத் தகடு போர்த்திய கூடு அது. போர்வை தேயாமல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கே அந்த உத்தரவாதம். இயந்திரத்தின் மேல் பொறித்திருக்கும் தொடர் எண்தான் முக்கியம். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் கடிகாரங்களுக்குத் தொடர் எண்ணிலிருந்து ஆண்டைச் சொல்லும் பட்டியல்கள் உண்டு. ஆனால் அவை கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. நூறு ஆண்டு கடந்தும் பலவற்றின் விலை எளியதாகவே இருக்கிறது. பின்மூடியைக் கத்தியால் நெம்ப வேண்டாம். கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீங்கானின் அடியில் உள்ள நீல முத்திரையை நம்பி மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஜெர்மனியின் மைசென் ஆலை 1720-களில் கைக்கொண்ட குறுக்கு வாள் முத்திரையைப் பார்த்துத் தாங்களும் போட்டவர்கள் எண்ணற்றோர். சீனத்தில் முற்காலப் பேரரசரின் பெயரைப் பிற்காலத்துக் கிண்ணத்தில் எழுதுவது மரியாதையாகவே கருதப்பட்டது. 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்குவாவின் பெயர், இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய பாத்திரங்களிலும் காணப்படுவதற்கு அதுதான் காரணம். முத்திரையைவிட, கிண்ணம் ஊன்றி நிற்கும் கால்வளையத்தில் மெருகு படாமல் விட்ட களிமண்ணின் நிறமும், கிண்ணத்தின் எடையும், மேற்பரப்பின் தேய்மானமும் அதிகம் பேசும். ஒரு நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது பயனுள்ள தடயம். 1890-இல் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டத்தின்படி, அந்நாட்டுக்குள் வரும் சரக்குகளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. எனவே, நாட்டுப் பெயர் உள்ளவை பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியவை. 'மேட் இன்' என்று சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு.

மேசையின் முகப்பை விட்டுவிட்டு, இழுப்பறைகளை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மூலைகளில் புறாவால் வடிவப் பற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். அவை அளவிலும் இடைவெளியிலும் சற்று முன்பின்னாக இருந்தால் கைவேலை. அச்சில் அடித்தாற்போல் ஒரே சீராக இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ இயந்திரம் வெட்டியது. பின்பலகையில் வளைவளைவான ரம்பத் தடங்கள் தெரிந்தால் அது வட்ட ரம்பம் அறுத்தது. நேர்க்கோடுகளாக இருந்தால் அதைவிடப் பழையதாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணிகளின் நுனி பெரும்பாலும் மழுங்கலாகவே இருந்தது. தலையில் கூட்டல் குறிபோல் பிளவு உள்ள திருகாணி 1930-களில் வந்தது என்றாலும், பிற்காலத்தில் பழுது பார்த்தவர் அதைப் போட்டிருக்கலாம் என்பதால், ஒரு திருகாணியை வைத்து மேசையின் கதையை முடித்துவிடாதீர்கள். மரம் இழை ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். அதனால்தான் பழைய வட்ட மேசைப் பலகையை அளந்தால் முழு வட்டமாக இருப்பதில்லை. போலி செய்பவர்கள் கறையையும் புழுத்துளையையும் உண்டாக்கிவிடுகிறார்கள். இந்தச் சுருக்கத்தைச் சரியாக உண்டாக்குவோர் அரிது.

ஓவியத்தை உருப்பெருக்கியால் பார்க்கும்போது சீரான நிறப்புள்ளிகளின் வரிசை தெரிந்தால், அது அச்சுப்படம். மேலே தடவிய மெருகு தூரிகைக் கோடுகள் போலக் காட்டும். உண்மையான ஓவியமாக இருந்தால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எனக்கு வேண்டும். சட்டம் செய்த கடையின் சீட்டு, ஏல எண், பென்சிலால் எழுதிய பெயர் என்று எதுவாயினும் கிழிக்காமல் படமெடுங்கள். டைட்டானிய வெள்ளை நிறம் ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-களை ஒட்டித்தான் என்பதால், அது மூல ஓவியத்தில் இருந்தால் அதற்கு முந்திய காலம் என்று சொல்ல முடியாது. அதைக் கண்டறிவது ஆய்வகத்தின் வேலை.

வயலினைப் பற்றி நீங்கள் மிகுந்த எதிர்பார்ப்போடு எழுதியிருப்பது புரிகிறது. இத்தாலியின் கிரெமோனாவில் வயலின்கள் செய்து வாழ்ந்து 1737-இல் இறந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரியின் இசைக்கருவிகளில் சுமார் 650 இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் அநேகமாக எல்லாம் வல்லுநர்கள் அறிந்து பதிவு செய்தவை. அவருடைய சீட்டைத் தாங்கிய மற்ற வயலின்களோ ஆயிரக்கணக்கில் உலகெங்கும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன், பிரான்சின் மிரெகூர் போன்ற ஊர்களின் பட்டறைகள், அவருடைய மாதிரியைப் பின்பற்றிச் செய்தது என்று காட்டுவதற்காகவே அந்தச் சீட்டை ஒட்டி விற்றன. வாங்கியவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது, ஏமாற்றம் பேரப்பிள்ளைகளுக்குத்தான். ஆகவே, அந்தச் சீட்டைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஆனால் வயலினையும் தள்ளிவிடாதீர்கள். பட்டறை வயலின்களிலும் நன்றாகச் செய்யப்பட்டவை உண்டு. இசைப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். மேற்பலகையில் உள்ள மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து, அந்த மரம் எந்த ஆண்டுக்குப் பின் வெட்டப்பட்டது என்று சொல்லும் முறையும் இருக்கிறது. எல்லோரும் கவனிக்காமல் விடுவது வில்லைத்தான். கைப்பிடிக்கு அருகே குச்சியில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயலினைவிட வில்லுக்கு விலை கூடுதலாக அமைவது எங்கள் தொழிலில் வியப்பான செய்தி அல்ல.

கத்திகளின் பிடிகள் தந்தமா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். குறுக்கு வெட்டு முகத்தில் வலை போல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். கரும்புள்ளிகளும் சிறு கீறல்களும் தெரிந்தால் எலும்பு. ஒழுங்கான இணைகோடுகள் மட்டும் ஓடினால் பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். தந்தமாக இருந்தால், விற்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சட்டத்துக்கு உட்பட்ட விஷயங்கள். 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1989-இல் ஆப்பிரிக்க யானையும் அதன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டது. உயர்ந்த வயலின் வில்கள் செய்யும் பெர்னாம்புகோ மரமும் 2007 முதல் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இவை தவிர, கலைப்பொருள்களைப் பதிவு செய்யவும் ஏற்றுமதி செய்யவும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. நீங்கள் வாழும் நாட்டின் விதியைக் கேட்டறியாமல் அந்தக் கத்திகளை யாருக்கும் தபாலில்கூட அனுப்பாதீர்கள்.

இப்போது மதிப்புக்கு வருகிறேன். வயது கூடினால் விலை கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அரிதாக இருப்பது, கெடாமல் இருப்பது, இன்றைக்கு அதை விரும்புவோர் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விலை. கறுப்பும் பழுப்புமான கனத்த மரச்சாமான்களின் விலை கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இறங்கியே வந்திருக்கிறது. மரம் கெட்டுவிடவில்லை, மக்கள் வாழும் அறைகள் சிறுத்துவிட்டன. உங்கள் மேசை நல்ல கைவேலையாக இருந்தாலும், அதற்குக் கிடைக்கும் தொகை உங்களை ஏமாற்றக்கூடும். முழுமையாக இருக்கும் தேநீர்ச் செட்டோ, ஒரே கையெழுத்தில் பல ஆண்டுகள் தொடரும் கடிதக் கட்டோ அதை முந்திவிடலாம்.

ஒரு பொருளுக்கு ஒரே ஒரு மதிப்புத்தான் உண்டு என்பதும் சரியல்ல. காணாமல் போனால் அதுபோன்ற ஒன்றை வாங்க எவ்வளவு செலவாகும் என்பது காப்பீட்டு மதிப்பு. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. அவசரமில்லாத விற்பவரும் விவரமறிந்த வாங்குபவரும் ஒப்புக்கொள்ளும் விலை சந்தை மதிப்பு. வியாபாரி கையில் தரும் பணம் அதைவிடக் குறைவு. உங்கள் மூவருக்குள் பங்கு பிரிக்கச் சந்தை மதிப்பே பொருந்தும். காப்பீட்டுக்காக எழுதிய தாளை வைத்துக்கொண்டு, 'இவ்வளவு மதிப்புள்ள பொருளை நீ எடுத்துக்கொண்டாய்' என்று சண்டையிடும் குடும்பங்கள் உண்டு.

இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலையைக்கூட எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். 2010-இல் லண்டனுக்கு அருகில் ஒரு வீட்டிலிருந்து வந்த 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பூச்சாடி 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது என்று உலகமே பேசியது. கேட்டவர் பணம் செலுத்தவில்லை. பின்னர் அது அதைவிடக் குறைந்த விலைக்குத் தனிப்பட்ட முறையில் கைமாறியது. நேர்மாறாகவும் நடப்பதுண்டு. 2007-இல் அமெரிக்காவில் பழைய சாமான் விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய ஒரு சிறு சீனக் கிண்ணத்துக்கு, 2013-இல் ஏல நிறுவனம் இட்ட உத்தேச மதிப்பு 2 முதல் 3 லட்சம் டாலர். விற்றதோ 22 லட்சத்துக்கு மேல். ஆகவே, நான் உட்பட யார் எழுதித் தரும் மதிப்பையும் கல்வெட்டாகக் கொள்ளாதீர்கள். ஏலத்துக்கு விடுவதாக இருந்தால், விற்பவரிடம் பிடிக்கும் கழிவு, படமெடுக்கும் செலவு, காப்பீடு, விற்காமல் திரும்பினால் தர வேண்டிய கட்டணம் ஆகியவற்றையும், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலையையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருளை வாங்கும் விருப்பம் அவருக்கு இருக்கக் கூடாது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவராகவும் இருக்கக் கூடாது. அளவு, பொருள், முத்திரைகள், பழுதுகள், எந்த நோக்கத்துக்கு எந்தத் தேதியில் மதிப்பிட்டது, எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டது என்பவை அறிக்கையில் இருக்க வேண்டும். ஒருவரே வயலின், பீங்கான், கடிகாரம் மூன்றையும் அறிவேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

பங்கு பிரிப்பதில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். தேநீர்ச் செட்டை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரிக்காதீர்கள். கிண்ணங்கள் ஜோடியானால் சேர்ந்தே இருக்கட்டும். மூவரும் தமக்கு எது வேண்டும் என்பதை ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியே வரிசைப்படுத்தி எழுதுங்கள். பல குடும்பங்களில் பயந்த அளவுக்கு மோதல் வருவதில்லை. ஒருவர் உயிராக நினைப்பது மற்றவருக்குப் பொருட்டாகவே இருப்பதில்லை. மோதும் பொருள்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்து எடுத்துக்கொண்டு, மதிப்பில் வரும் வேறுபாட்டைப் பணமாகச் சரிசெய்யலாம். கடிதங்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து மூவரும் வைத்துக்கொண்டு, மூலங்களை ஒருவர் பொறுப்பில் ஒன்றாகவே விடுங்கள். அண்ணனுக்குப் பணம் தேவை என்றால் அது நியாயமான தேவைதான். மதிப்பீடு வந்த பிறகு அவர் பங்கை மட்டும் விற்கலாம். எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை.

தங்கள் பொருள்களைப் பற்றி மேலும் சொல்ல எனக்குப் படங்கள் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு பொருளையும் முன், பின், அடி என்று மூன்று புறமும் எடுங்கள். முத்திரைகளையும் பழுதுகளையும் நெருங்கி எடுங்கள். பழுதை மறைத்து எடுத்தால் என் பதிலும் அந்த அளவுக்குத் தவறாகவே இருக்கும். வயலினையும் வில்லையும் தனித்தனியே எடுத்து, முதலில் அவற்றை அனுப்புங்கள். கடிகாரத்தின் இயந்திரப் படம் பிறகு வந்தால் போதும்.